பெஞ்சு சீட்டு வைத்த காடி

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதில் இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன், அஸ்திவாரம் பலமாக இருக்கட்டும் என்று. அப்படிப்பட்டவன் பழைய காடி வாங்கிய கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். காடி என்றால் கார். மலாய் நாட்டில் எங்கள் கெடா பக்கம் அப்படித்தான் சொல்வோம். எழுத்துப் பிழைகளை என் மச்சான் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் இந்தக் கதையில் வருகிறார் என்பது இன்னும் அவருக்குத் தெரியாது.

பாடாங் மேஹா பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு. பக்கத்து சீட்டில் ஆள் ஏற்றக்கூடாது என்று கண்டிப்பு. ஆகையால் நாள் முழுக்க எனக்கு நானே பேசி, எனக்கு நானே சிரித்து ஓட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு லாரியில் தயாரான ஜோக்குகளை மனைவியிடம் சொல்லிப் பார்ப்பேன். அவள் சிரித்தால் பாஸ். "இத வெளிய சொல்லாதீங்க" என்றால் ஃபெயில். பாஸான ஜோக்குகளை மட்டும் கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்துச் சொல்வேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. அந்தப் பேரில் பாதி அவளுடையது.

சில வருஷங்களாக அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. இடது காது முழுக்க அடைத்துவிட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் போய் நிதானமாகச் சொன்னால் கேட்கும். ஆஸ்பத்திரியில் காதுக்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். இரண்டு நாள் மாட்டிப் பார்த்தாள். "தலைக்குள்ள தகரக் கூரைல மழ பேயுது" என்று கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டாள். இப்போது எங்கள் வீட்டு பிஸ்கட்டுக்கு நன்றாகக் காது கேட்கிறது. விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவளுடைய அண்ணனிடம்கூட.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வரும் வரைக்கும். மைக்கைப் பிடித்து ஒன்றை எடுத்து விட்டேன். மண்டபமே சிரித்தது. மூன்றாவது மேசையில் என் மனைவியும் சிரித்தாள். ஆனால் மேடையிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும். அவள் முதலில் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் இவள் சிரித்தாள். ஒரு நிமிஷம் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அடுத்து சொல்ல வேண்டியது மறந்துவிட்டது. அதற்கும் ஜனங்கள் சிரித்தார்கள். ஜோக்கர் என்று பேர் வாங்கிவிட்டால் அதுதான் தொல்லை, சொல்ல வந்தது மறந்து நின்றாலும் கைதட்டுவார்கள்.

சத்தமாகப் பேசினால் போயிற்று என்று நினைப்பீர்கள். ஒரு ஜோக்கைக் கத்திச் சொல்லிப் பாருங்கள். அது ஜோக்காக இருக்காது, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பாகிவிடும். இரண்டாம் தடவை கத்தினால் சண்டை. மூன்றாம் தடவை அடுத்த வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்துவிடுவார். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் பேச்சு குறைந்தது. "சாப்பாடு", "மருந்து", "கரண்ட் பில்." ஒரு சொல்லுக்கு மேல் போகாது.

காடியிலாவது பேசலாம் என்றால் அங்கேயும் முடியாது. எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முன் சீட்டு ஆம்பளைக்கு. கல்யாணம் ஆன புதிதில் அது என் மாமனாருக்கு. அவருக்குப் பிறகு மச்சானுக்கு. பெண்கள் பின்னால், பையும் பாத்திரமும் மடியில். மச்சான் கூட வராத நாளிலும் என் மனைவி பின் கதவைத்தான் திறப்பாள். ஒரு தடவை வற்புறுத்தி முன்னால் உட்கார வைத்தேன். எங்கள் சின்னக் காடியில் இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர், கை பிரேக், தண்ணி போத்தல் வைக்கும் பள்ளம், ஏகப்பட்ட சாமான். அவள் கதவோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பேசினேன், கேட்கவில்லை. அடுத்த நாள் மறுபடியும் பின் கதவு.

இந்த நேரத்தில்தான் ஒரு பெட்ரோல் கடையில் அந்தப் பழைய காடியைப் பார்த்தேன். யாரோ எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சும்மா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரே சீட்டு. நம் சர்ச்சில் போட்டிருக்கிற பெஞ்சு மாதிரி இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை நீளமாக. கியர் ஸ்டியரிங்கின் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கை பிரேக் குடைக் கைப்பிடி மாதிரி டேஷ்போர்டுக்குக் கீழே. நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்கு உடனே என் மனைவி ஞாபகம் வந்தது. பழைய வண்டியைப் பார்த்ததும் அவள் ஞாபகம் வந்தது என்று மட்டும் அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

வலது பக்கம் நான் ஓட்டுவேன். இடது பக்கம் அவள் உட்கார்ந்தால் அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும். மெதுவாகப் பேசினாலே போதும். இதைக் கண்டுபிடித்த அன்று, மூன்றாம் வகுப்போடு நிறுத்தியது நாட்டுக்கு நஷ்டம் என்று எனக்கே தோன்றியது.

முழுப் பொய் சொல்லக்கூடாது. பழைய காடி மேல் எனக்கு ஆசையும் இருந்தது. ஆனால் என் ஆசைக்கு மட்டும் என்றால் எந்தப் பழசும் போதும். நான் தேடியது பெஞ்சு சீட்டு.

மச்சானைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸில் கணக்கு எழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து இருக்கிற இடமெல்லாம் அவர் வேண்டும் எனக்கு. கூலிமில் தனியாக இருக்கிறார். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் கத்தோலிக்கர்கள். அதனால் மச்சானுக்கு ஜாதகம், ராகு காலம் எதிலும் நம்பிக்கை இல்லை. நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்ப்பதில் மட்டும் உண்டு.

முதல் காடி பெண்டாங்கில், வயல்வெளிக்கு நடுவே. தூண்கள் மேல் நிற்கும் ஒரு மலாய்ப் பெரியவரின் பலகை வீட்டுக்கு அடியில் நின்றது. பெஞ்சு சீட்டு இருந்தது. அதன்மேல் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. நான் வீட்டு ஃப்ரிஜ்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். பழைய வண்டியின் உடம்பில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் துருப்பிடித்த ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவில் வைத்தேன், விழுந்தது. மட்கார்டில் வைத்தேன், விழுந்தது. கூரையில்தான் ஒட்டியது. பெரியவர் ஒளிக்காமல் சிரித்தார். உனக்குப் பிடித்திருந்தாலும் கோழி குஞ்சு பொரித்த பிறகுதான் எடுக்க முடியும் என்றார்.

அதற்குள் மச்சான் நம்பரைக் கூட்டி முடித்திருந்தார். எங்கள் பக்கம் பேச்சின் வாலில் ஒரு 'லா' சும்மா ஒட்டிக்கொள்ளும்.

"எட்டு வருது மாப்ள. வேணாலா."

"மச்சான், வண்டியே புட்டி. நம்பர் மட்டுந்தான் இரும்பு."

இரண்டாவது சுங்கை பட்டாணியில், ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம். ரத்தச் சிவப்பு, பளபளவென்று. காந்தம் வைத்த இடமெல்லாம் ஒட்டியது. நம்பர் கூட்டினால் ஐந்து. மச்சான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். தனித்தனியாக இரண்டு சீட்டு. நடுவில் கியர் நட்டு வைத்த கம்பம் போல நின்றது.

"இது வேணாம் மச்சான்."

"என்னாலா கொற?"

"கலர் சரியில்ல."

"நீ என்னா பொண்ணு பாக்கவா வந்த? கலர் சரியில்லங்குற?"

காரணத்தைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் காது விஷயம் வெளியே வரும். மச்சான் வீட்டுக்கு வரும் வரை என்னோடு பேசவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் வந்தார். பேசாதவருக்கு முன் சீட்டு, பேச வேண்டியவளுக்குப் பின் சீட்டு. என் நிலைமை அப்படி.

மூன்றாவது செர்டாங்கில் கிடைத்தது. அன்றைக்கு மச்சானுக்குப் பல்வலி. நான் தனியாகப் போனேன். சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு பாயுடைய காடி. அவருடைய அத்தா ஓட்டியது. கடைக்குப் பின்னால் கூரை போட்டு, துணி மூடி வைத்திருந்தார். துணியை எடுத்ததும் நான் ஒரு அடி தள்ளி நின்றுவிட்டேன். பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிய தேத்தண்ணி நிறம். வட்டமான இரண்டு விளக்கு, ஏதோ கேட்க வந்து தயங்கி நிற்கிற முகம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்கள் எனக்கு ஒன்றும் தரப்போவதில்லை. முன்னால் பெஞ்சு சீட்டு, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. பாய் அதில் மூன்று இடுப்பு பெல்ட்டும் போட்டு வைத்திருந்தார். காந்தம் ஒட்டியது, ஒரு கதவின் அடிப்பக்கம் தவிர. அந்த ஒரு இடத்தைப் பாயே முதலில் காட்டிவிட்டார்.

சோக் கம்பியை இழுத்துச் சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஊரை ஒரு சுற்று ஓட்டினேன். லாரிக்காரன் காதுக்கு அந்த என்ஜின் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், நான் கவனிக்கவில்லை.

விலை பேசப் போனால் பாய் வேறு ஒன்று கேட்டார்.

"அண்ணே, ஏற்கெனவே மூணு பேரு வந்து கேட்டாங்க. ஒருத்தரு கல்யாணத்துக்கு வாடகைக்கு விடணுமாம். ஒருத்தரு பெயிண்ட் அடிச்சு கூட வெலைக்குத் தள்ளணுமாம். ஒருத்தரு ஹோட்டல் வாசல்ல நிப்பாட்டி டிக்கில பூஞ்செடி வெக்கப் போறாராம். எங்க அத்தா காடில செடியாலா? குடுக்க மாட்டேன்னுட்டேன். நீங்க எதுக்கு?"

"ஓட்டுறதுக்குத்தான் பாய்."

"ஓட்டுறதுக்கு ஏசி வெச்ச காடி ஆயிரம் இருக்கே."

மாற்றிச் சொல்ல எனக்கு நாலைந்து ஜோக் தெரியும். ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் தகப்பன் காடியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். நானும் சொல்லிவிட்டேன். மனைவியின் காதைச் சொன்னேன். மேடையிலிருந்து பார்த்ததைச் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு தடவை, யார் முகத்தையும் பார்க்காமல், தானாகச் சிரிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பெஞ்சு என்றேன். மனைவிக்குச் செய்த சத்தியத்தை முதல் தடவை மீறியது அந்தக் கொட்டகையில்தான்.

பாய் காடியின் மேலிருந்த கையை எடுத்தார். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். "ஏறுங்கண்ணே. மெல்லமா ஏதாச்சும் சொல்லுங்க, கேக்குதான்னு பாப்போம்."

கிசுகிசுவென்று ஒரு ஜோக்கைச் சொன்னேன். கெக்கெக்கென்று சிரித்தார். "தெளிவா கேக்குது. எடுத்துக்குங்க. அக்காவக் கூட்டிக்கிட்டு மொதல்ல இங்கதான் வரணும். பிரியாணி என்னோடது."

என்ஜினை நிறுத்தி வைத்துக்கொண்டு காதைச் சோதித்துப் பார்த்த இரண்டு அறிவாளிகள் நாங்கள்.

வண்டியைப் பாயே எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்து விட்டுப்போனார். என் மனைவி புடவை முந்தானையால் விளக்கைத் துடைத்துப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்னா சீட்டு பெஞ்சு மாதிரி?"

"பழசுல அப்படித்தான்."

"நல்லாருக்கு," என்றாள். என்னைப் பார்த்து இல்லை, சீட்டைப் பார்த்து.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் காடியை ஆசீர்வதிக்க ஏற்பாடு. அதுவரை வேறு யாரும் ஏறக்கூடாது என்று மச்சான் உத்தரவு, நான் மட்டும் தனியாக ஓட்டி வந்து நிறுத்தியிருந்தேன். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தெளித்து முடித்ததும் நாங்கள் அவர் போகட்டும் என்று காத்திருந்தோம். அவரும் போகாமல் நின்றார். மச்சானின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"எலுமிச்சம்பழந்தானே?" என்றார் ஃபாதர். "வைங்க, வைங்க. நான் மாதாவைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்." சொல்லிவிட்டு முகத்தைக் காடிக்குப் பின்னால் மாதா சிலை நின்ற கெபிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மச்சான் நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு பழத்தை வைத்தார். நான் முன்னால் எடுத்து நசுக்க வேண்டும், அவ்வளவுதான். பூசைக்கு வந்த ஜனம் அத்தனையும் சுற்றி நின்றது. நான் கல்யாண மண்டபத்தில் கை அசைப்பது போல அசைத்தேன். இந்தக் காடியில் கியரை நம் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் முதல் கியர். இழுத்து மேலே தள்ளினால் ரிவர்ஸ். என் லாரியிலோ முதல் கியர் மேலே. முப்பது வருஷப் பழக்கம். கை தானாக மேலே போயிற்று.

காடி விருட்டென்று பின்னால் பாய்ந்தது. நாலு பழமும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. நான் நேராக மாதாவை நோக்கிப் போனேன், முதுகைக் காட்டிக்கொண்டு. கெபிக்கு முன்னால் இருந்த பூச்சட்டி ஒன்று உடைந்ததும் வண்டி நின்றது.

ஃபாதர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கும்பிட வர்றவங்க முன்பக்கமா வர்றது வழக்கம்," என்றார்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவி தூரத்தில் நின்று என் வாயையும் ஃபாதரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. "மொத அடியே பின்னால வெக்குது. நல்லதுக்கில்ல மாப்ள." மறுபடியும் பழத்தை வைத்து, முன்னால் எடுத்து, நாலும் நசுங்கிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை. செர்டாங்குக்குக் கிளம்பும்போது, "நீ ஓட்டு. நான் முன்னால உக்காந்து கியரப் பாத்துக்குறேன்," என்று சொல்லி இடது கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

என் மனைவி, எதுவும் நடக்காதது போல, பின் கதவைத் திறந்து ஏறினாள்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். மூத்த மச்சானைப் பார்த்து எழுந்திரிங்க என்று எப்படிச் சொல்வது? எங்களில் அப்படிச் சொன்னவன் அடுத்த நல்லது கெட்டதுக்குத் தனியாகத்தான் நிற்க வேண்டும். ஏறி உட்கார்ந்தேன். எவ்வளவு ஆசையாகத் தேடிய பெஞ்சு! அதில் என் தோளோடு தோளாக, வியர்வையும் தைலமும் மணக்க, மச்சான்.

"எடம் நல்லா தாராளமா இருக்குலா," என்றார் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து.

வழி முழுக்கச் செம்பனை. ஏசி இல்லாததால் கண்ணாடியை இறக்கியிருந்தோம், காற்று உள்ளே அடித்தது. என்ஜின் கத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சத்தத்தில் பின்னால் இருக்கிறவளுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தாலும் கேட்காது. நல்ல காது இரண்டு வைத்திருக்கிற மச்சானே "ஆ? ஆ?" என்கிறார். காது கேட்காதவளோடு பேசுவதற்கென்று கெடாவிலேயே சத்தமான காடியைத் தேடிப் பிடித்தவன் நான். கண்ணாடியில் பார்த்தேன். அவள் காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

செர்டாங்கில் கடை வாசலில் நிறுத்தினேன். பாய் ஓடி வந்தார். முன் கதவு திறந்து மச்சான் இறங்கினார். பாயின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே," என்றார் என்னைப் பார்த்து. "நான் ஒருத்தருக்குக் குடுத்தேன், வேறொருத்தரு உக்காந்து வர்றாரு?"

மச்சான் திரும்பினார். "என்னா சொல்றாரு இவரு?"

"ஒண்ணுமில்ல மச்சான், பசி. வாங்க."

மேசையில் உட்கார்ந்தோம். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றியது, தட்டுகள் மோதின, யாரோ தேத்தண்ணிக்குக் கத்தினார்கள். என் மனைவிக்கு அங்கே ஒரு சொல்கூடக் கேட்காது என்று எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து கோழிக் காலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் விடவில்லை.

"மாப்ள, அந்தப் பாய் என்னா சொன்னாரு? நேராச் சொல்லு."

எனக்கு எப்போதும் ஒரு வழி உண்டு. ஒரு ஜோக்கைப் போட்டுவிட்டு நழுவிவிடுவேன். அன்றைக்கும் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி முன்னால உக்காரணும்னுதான் இந்தக் காடிய வாங்குனேன். எனக்கு அவகூட பேசணும்."

"வீட்ல பேசறதில்லயா?"

"அவளுக்குக் கேக்கல மச்சான்."

"என்னா கேக்கல?"

"காது. ஒரு காது சுத்தமா போச்சு. சோத்தாங்கைப் பக்கந்தான் கொஞ்சம். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டா."

மச்சான் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமா அவ என்கிட்ட சரியா பேசலடா," என்றார். 'மாப்ள' போய் 'டா' வந்துவிட்டது. "நான் ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு சொல்லுவா. இல்ல, சும்மா தலைய ஆட்டுவா. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். என்னா தப்பு செஞ்சேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன்."

அந்த மனிதர் தோட்டத்தில் ஆயிரம் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். தங்கையிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா? நான் காடியே வாங்கிவிட்டேன்.

என் மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். "எதுக்கு ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க? என்னா சண்ட?" என்றாள், கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். அவள் சத்தம் அவளுக்கே தெரிவதில்லை.

திரும்பிக் கிளம்பும்போது மச்சான் நேராகப் போய்ப் பின் கதவைத் திறந்தார். அவள் பதறிவிட்டாள்.

"அண்ணே! நீங்க முன்னால போங்க. என்னாண்ணே இது?"

மச்சான் ஏதோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். அவளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். தோளில் கை வைத்துக் காதருகே குனிந்து, "கால் முட்டி இடிக்குது ஆத்தா. நீ முன்னால உக்காரு," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது. முன்னால் ஏறினாள். கதவோரமாக ஒட்டி உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் கைப்பையை வைத்தாள். அந்தப் பை எங்கள் சின்னக் காடியின் கியரைவிட உயரம்.

பாய் வாசலில் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கென்ன தெரியும்.

ஊர் தாண்டியதும் ஒரு ஜோக்கை ஆரம்பித்தேன். "ஆ?" என்றாள். மறுபடியும் சொன்னேன். "ஆ? என்ஜினு கத்துது." மூன்றாம் தடவை கத்தினேன். ஜோக் செத்துவிட்டது. கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்து ஓட்டினேன். இவ்வளவு அலைந்து, ஒரு பூச்சட்டியையும் உடைத்து, ஒரு சத்தியத்தை இரண்டு தடவை மீறி, கடைசியில் பழைய இடத்துக்கே வந்து நின்றேன்.

தோட்டத்து முனையில் ஒரு குலை லாரி குறுக்கே நின்று திரும்பிக்கொண்டிருந்தது. காடியை நிறுத்தி, என்ஜின் அணைந்துவிடாமல் லேசாக மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்தில் கிளிக் என்று ஒரு சத்தம். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். கைப்பையைத் தூக்கிப் பின்னால் அண்ணன் மடியில் போட்டாள். பெஞ்சில் அப்படியே நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்தாள், அவள் தோள் என் தோளில் முட்டும் வரைக்கும். நடு பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினாள். தலையைச் சாய்த்து வலது காதை ஏறக்குறைய என் வாயருகே கொண்டுவந்தாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். கத்தவில்லை. முழுசாகக் கேட்டாள். சாலையைப் பார்த்தபடி யோசித்தாள்.

"ஃபெயில்," என்றாள். "இத வெளிய சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்கிற தூரத்தில் என் முகம் இல்லை, என் தோள்தான் இருந்தது.

லாரி வழி விட்டதும் காடியை எடுத்தேன். அடுத்த ஜோக்கைத் தயாராக வைத்திருந்தேன். அவள் விடவில்லை. இப்போது அவளுடைய வாயும் என் காதருகே இருந்தது. கத்த வேண்டிய தேவை இல்லாததால், எனக்கு மறந்தே போயிருந்த அந்தச் சின்னக் குரலில் பேசினாள்.

"கடைல அண்ணன்கிட்ட என்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். காதுதான் போச்சு, கண்ணு இருக்கு."

"கோவமா?"

"பின்ன? சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுவாங்களா?" கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கு இல்ல கோவம். என்னைய உக்கார வெக்க ஒரு பெஞ்சத் தேடிப் பெண்டாங் வரைக்கும் போனீங்களே. அந்த ஒரு நாளுக்கு அப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்த, பக்கத்துல வந்து உக்காருன்னு சொன்னீங்களா? கெஞ்சுனா கொறஞ்சா போயிடுவீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றி, எனக்கு முடி கொட்டுவதைப் பற்றி, அண்ணன் மெலிந்துவிட்டதைப் பற்றி. இரண்டு வருஷமாக உள்ளே அடுக்கி வைத்திருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. வாய் பேசியே பிழைத்த எனக்கு அன்றைக்கு ஒரு சொல்கூடச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் வீட்டு முனை வந்தது. நான் திரும்பவில்லை.

"மாப்ள!" என்று பின்னாலிருந்து மச்சான் கத்தினார். "வீடு போச்சுடா! மாப்ள!"

என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நேராக விட்டேன்.